கிளம்பும் துரையிடம் கேட்ட கேள்வி

இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்துப் பிழைப்பவனுக்குத் தொண்டை வறள்வது கேள்வி கேட்கும் பாடத்தில்தான். அதை நடத்திப் பார்த்த சக பாவிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் மேலமாசி வீதியில் ஒரு மாடியில் எனக்கு மாலை வகுப்பு.

வெல்ல வியாபாரியின் அவசரம்

பணிவாகக் கேட்பதென்றால் 'வேர் ஈஸ் தி மேனேஜர்' என்று பாயக்கூடாது. 'மே ஐ நோ வேர் தி மேனேஜர் ஈஸ்' என்று, முன்னால் நிற்கும் 'ஈஸை' ஆளுக்குப் பின்னால் அனுப்ப வேண்டும். இதைச் சொன்னதும் விளாங்குடி வெல்ல வியாபாரி துண்டை உதறிக்கொண்டு எழுந்து வகுப்பை விட்டே கிளம்பினார்.

"இம்புட்டுச் சுத்தி வளைச்சு நான் கேட்டு முடிக்கிறதுக்குள்ள ரயிலு போயிரும், வாத்தியாரே!"

சோணைமுத்துவின் கல்யாணம்

அதே வகுப்பில் படித்த அலங்காநல்லூர் சோணைமுத்துவால் அப்படி எழுந்து போக முடியாது. பசுமலைப் பக்கம் ஒரு நூல் மில்லில், வெள்ளைக்கார மேனேஜரிடம் பேசி வேலை வாங்கினால்தான் மகளைத் தருவேன் என்று தாய்மாமன் சொல்லிவிட்டார். பெண்ணுக்கும் இவன்மேல்தான் ஆசை. எழுதச் சொன்னால் சரியாக எழுதுவான். வாயைத் திறந்தால் 'ஈஸ்' முன்னால் வந்து நிற்கும்.

"அண்ணே, அவுத்துவிட்ட காளையக்கூட வாடிவாசலுக்குள்ள திருப்பிரலாம், இந்த ஈஸு திரும்ப மாட்டேங்குது!"

புறப்பாட்டில் ஒரு பிசகு

மில்லுக்குப் போகும் நாளன்று இரவல் கோட்டும் விபூதியுமாகத் தெருவில் எதிரே வந்தான். அந்தக் கோலத்தைப் பார்த்த மலைப்பில், "எங்கேடா இவ்வளவு ஜோராக?" என்று கேட்டுவிட்டேன். அவன் முகம் கறுத்தது. பக்கத்து சோடாக் கடை பெஞ்சில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு, புதிதாகக் கிளம்பினான்.

"கிளம்புறவனை எங்கன்னா கேப்பாக? தூரமான்னு கேக்கணும்ணே, இங்கிலீசு படிச்சா இதெல்லாம் மறந்துருமா?"

துரையின் தொப்பி

இவன் போன நேரம், மேனேஜர் தொப்பியை மாட்டிக்கொண்டு காரில் ஏறப்போனாராம். காத்திருக்கலாமா, நாளை வரலாமா என்று தெரிந்தாக வேண்டும். எங்கே என்று கேட்டால் துரை போகிற காரியம் கெடும். அது கெட்டால் தன் கல்யாணமும் கெடும். கையைக் கட்டிக்கொண்டு, "மே ஐ நோ இஃப் தி பிளேஸ் ஈஸ் ஃபார், சார்?" என்றான். 'ஈஸ்' தன் இடத்தில் சமர்த்தாக உட்கார்ந்துவிட்டது. இவ்வளவு நாசூக்காகத் தன்னை யாரும் விசாரித்ததில்லை என்று துரை சிரித்துவிட்டு, திரும்ப உள்ளே கூட்டிப்போய் வேலையைக் கொடுத்துவிட்டார்.

கல்யாணப் பத்திரிகையோடு வந்தவனைச் சந்தோஷத்தில் கட்டிப் பிடித்துக்கொண்டேன். பாடம் எப்படியடா சரியாக வந்தது என்று கேட்டேன்.

"பாடத்தை யாருண்ணே நினைச்சா? கிளம்புற மனுசன்கிட்ட வேற எப்படிக் கேக்குறது?"

அன்று முதல் இந்தப் பாடத்துக்கு நான் சாக்குக்கட்டியைத் தொடுவதே இல்லை. ஒருவனுக்குத் தொப்பி மாட்டி வாசலைப் பார்த்துக் கிளப்பிவிட்டு, மற்றவர்களைக் கேள்வி கேட்கச் சொல்லிவிடுகிறேன்.