பார்சலில் ஒரு சிக்கல்

வங்கியில் இருந்த காலம் முழுக்க நான் பார்த்தது சந்தேகப்படுகிற வேலை. "இந்த மெயிலை நம்பாதீங்க, இந்த லிங்கைத் தொடாதீங்க" என்று கவுண்டருக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லியே ஓய்வு பெற்றேன். புத்தி மட்டும் ஓய்வு பெறவில்லை. வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகையைக்கூட முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பிரிக்கிறேன்.

மைசூரில் எங்கள் வீட்டு மாடியில் என் கொழுந்தனும் அவர் மனைவியும் குடியிருக்கிறார்கள். அவள் எங்கள் எல்லோருக்கும் சின்னவள். சட்னிப் பொடி, ரசப்பொடி, பிசிபேளே பாத் பொடி என்று வீட்டிலேயே செய்து ஆன்லைனில் விற்கிறாள். இங்கே இருந்துவிட்டு வேறு ஊர்களுக்குப் போன தமிழ்க் குடும்பங்கள்தான் முதலில் வாங்கினார்கள். அவர்கள் சொல்லி மற்றவர்கள் வந்தார்கள். எல்லோருக்கும் மெயிலை அவளே எழுதுவாள். "இங்கே ஒரே மழை. மிளகாய் காயவில்லை. ஈர மிளகாயை அரைத்து அனுப்ப எனக்கு மனசு வரவில்லை, ஒரு வாரம் பொறுங்கள்." இவ்வளவுதான். விற்க வந்தவள் இப்படியா எழுதுவாள் என்று நான்கூட நினைத்திருக்கிறேன். ஆனால் அதில் சந்தேகப்பட எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. என் விஷயத்தில் அது சாதாரணம் இல்லை.

யாரோ அனுப்பிவைத்த அப்படி ஒரு மெயிலைப் பார்த்துத்தான் கோயமுத்தூரிலிருந்து ஒரு அம்மா எழுதிக் கேட்டார். மகளுக்கு வேர்க்கடலை ஆகாது, துளி பட்டாலும் முகம் வீங்கி மூச்சு முட்டிவிடும், உங்கள் சட்னிப் பொடியை நம்பி வாங்கலாமா என்று. சின்னவள் பதில் எழுதினாள்: "என் பொடியில் பருப்பும் கொப்பரையும்தான். வேர்க்கடலையை நான் அடுப்படியிலேயே சேர்ப்பதில்லை. என்றைக்காவது கலந்துவிட்டால் முதலில் உங்களுக்குத்தான் எழுதுவேன்." அந்த அம்மா அன்றிலிருந்து மாதாமாதம் வாங்கினார்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்த வியாபாரத்தில்தான் அந்த மார்க்கெட்டிங் ஆள் வந்து சேர்ந்தார். குவெம்பு நகரில் ஒரு டயர் கடைக்கு மேலே ஆபீஸ். கொள்ளேகால் பக்கத்துத் தமிழர், ஆனால் கன்னடம்தான் சரளம். எங்கள் ஹாலில் உட்கார்ந்து காபியைக் குடித்துக்கொண்டே பாடம் எடுத்தார்.

"அக்கா, நீங்க லெட்டர் எழுதறீங்க. அது பேடா, வேண்டாம். தலைப்பைப் பார்த்ததுமே ஆளு பதறணும். ஆமேல, அதுக்கப்புறம், தானா தெறப்பாங்க."

பதற வைத்துவிட்டு என்ன செய்வதாம்? நான் கேட்டேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பே எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் எழுதிய முதல் மெயிலின் தலைப்பு: "உங்கள் பார்சலில் ஒரு சிக்கல்!" உள்ளே போனால், "சிக்கல் என்னவென்றால், எங்கள் பொடி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது! இன்றே ஆர்டர் செய்யுங்கள்!" என்று இருந்தது. எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது.

"ஏம்மா, இந்த மாதிரி மெயில் வந்தா அழிச்சிடுங்கன்னு பேங்க் சுவத்துல நோட்டீஸ் ஒட்டினவடி நான். அதையே நம்ம வீட்டுலேர்ந்து அனுப்பறியா?"

"அக்கா, நீங்க எதுலதான் குத்தம் கண்டுபிடிக்கல? எத்தனை பேர் தெறந்திருக்காங்க பாருங்க!"

திறந்தார்கள்தான். ஆர்டரும் கூடியது. ஆனால் அவள் மெயில்களுக்கு வந்துகொண்டிருந்த பதில்கள், "மழை விட்டுச்சா?", "மிளகாய் காஞ்சுதா?" என்று கேட்டவை, ஒன்றுகூட வரவில்லை. அதைச் சொன்னதற்கு எனக்குப் பொறாமை என்று நினைத்தாளோ என்னவோ, இரண்டு நாள் கீழே இறங்கி வரவில்லை.

அடுத்த மாதம் அவளுடைய அரவை மெஷின் புகைந்து நின்றுபோனது. சட்னிப் பொடியை மட்டும் மில்லில் கொடுத்து அரைத்து, பார்சல் எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு நாள் காலையில் மீந்த பொடியைக் கிண்ணத்தில் போட்டு எனக்குக் கொடுத்தாள். தோசையைத் தொட்டு வாயருகே கொண்டு போனேன். வாசனை சரியில்லை.

"இதுல வேர்க்கடலை இருக்கு."

"அய்யோ அக்கா, காலங்காத்தால ஆரம்பிக்காதீங்க." மோந்து பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப்போனது. மில்லுக்குப் போன் போட்டேன். மில்காரர் முதலில் மழுப்பினார். நான் விடவில்லை. பிறகு, முன்னால் ஒரு ஹோட்டலுக்கு வேர்க்கடலை ஓட்டியதாகவும், துடைத்துவிட்டுத்தான் எங்களுடையதைப் போட்டதாகவும் கன்னடத்தில் சத்தியம் செய்தார். துடைத்தாராம்!

"அந்தக் கோயமுத்தூர் பாப்பா!" என்றாள் சின்னவள். உடனே அந்த அம்மாவைக் கூப்பிட்டாள். மணி அடிக்கும் முன்பே கட் ஆனது. திரும்பவும் அப்படியே. நம்பரை பிளாக் செய்திருந்தார்.

எல்லோருக்கும் ஒரு மெயில் அடித்தாள். தலைப்பு: "உங்கள் பார்சலில் ஒரு சிக்கல்." வேறு எப்படி எழுதுவாள் பாவம், இந்தத் தடவை அது உண்மை. சிறிது நேரத்தில் பதில்கள் வந்தன. "இந்தத் தடவை என்ன ஆஃபர்?" என்று ஒருவர். இன்னொருவர் வெறும் சிரிப்புப் பொம்மை அனுப்பியிருந்தார். சின்னவள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு இப்படி ஒரு மெயில் வந்தால் நான் எதை நம்புவேன் என்று யோசித்தேன். எதையும் நம்பமாட்டேன். அதையே எழுதினேன்: "இந்த மாதச் சட்னிப் பொடியைச் சாப்பிடாதீர்கள். வேர்க்கடலை கலந்துவிட்டது. மில்லில் அரைக்கக் கொடுத்ததும் கவனிக்காததும் எங்கள் தவறு. இந்த மெயிலை நம்பச் சொல்லவில்லை. இதில் எதையும் அழுத்தவும் வேண்டாம். பாக்கெட்டின் பின்னால் அச்சடித்திருக்கும் எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள்."

போன் அடிக்க ஆரம்பித்தது. சேலம், ஓசூர், சென்னை. யாரும் சிரிக்கவில்லை. திட்டினார்கள், கேட்டுக்கொண்டோம். கோயமுத்தூர் மட்டும் வரவில்லை. என் போனிலிருந்து கூப்பிட்டேன். எடுத்தார். பொடிக் கடை என்றதும் சீறினார்.

"ஏனுங்க, உங்களுக்கு வேற வேலையே இல்லீங்களா? போன மாசம் பார்சல்ல சிக்கல்னு போட்டீங்க. என்ர புள்ளைக்கு என்னமோன்னு கையும் காலும் ஓடாம தெறந்து பாத்தா, பொடி தீந்து போகுதுன்னு இளிக்கறீங்க. இப்ப போன்லயும் ஆரம்பிச்சாச்சுங்களா?"

அவர் இடத்தில் நான் இருந்தால் இந்நேரம் வைத்திருப்பேன். சின்னவள் போனைப் பிடுங்கினாள்.

"அம்மா, வெச்சிடாதீங்க. நம்பி வாங்கலாமான்னு மொதல்ல எனக்கு எழுதினீங்க. கலந்தா உங்களுக்குத்தான் முதல்ல எழுதுவேன்னு நான் சொன்னேன். கலந்துடுச்சும்மா. வேர்க்கடலை. பாப்பாவுக்குக் குடுக்காதீங்க."

அந்தப் பக்கத்திலிருந்து, "டிபன் பாக்ஸ்ல இட்லிக்குத் தடவிக் குடுத்தனுப்பிட்டனே..." என்ற குரல் கேட்டது. போன் கட் ஆனது.

மறுபடி கூப்பிட எங்களுக்குத் தைரியம் வரவில்லை. சின்னவள் சோபாவில் சுருண்டு கிடந்தாள். நான் சும்மா இருக்க முடியாமல் ஏற்கெனவே கழுவின பாத்திரங்களை மறுபடி கழுவினேன். அந்த மார்க்கெட்டிங் ஆள் இடையில் கூப்பிட்டு, இன்றைய மெயிலைப் பிரமாதமாகத் திறந்திருக்கிறார்கள் என்றார். நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

மத்தியானம் தாண்டி என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. "ஸ்கூலுக்கு ஓடினேன். பாப்பா இன்னும் டப்பாவைத் திறக்கல. வாங்கிட்டு வந்துட்டேன். இனிமே எதுவும் அனுப்பாதீங்க."

சின்னவள் அதைப் படித்துவிட்டு விம்மி விம்மி அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மன்னிப்புக் கேட்டு நல்லதா ஒண்ணு எழுதித் தாங்கக்கா" என்றாள்.

"வேண்டாம். அனுப்பாதீங்கன்னு சொல்லியிருக்காங்க."

மெயில் பட்டியலிலிருந்து அந்த அம்மாவின் பெயரை எடுத்துவிட்டேன் என்று ராத்திரி மாடியிலிருந்து சொன்னாள். அவள் தூங்கிய பிறகு, நிஜமாகவே எடுத்துவிட்டாளா என்று நானும் ஒரு முறை பட்டியலைத் திறந்து பார்த்துக்கொண்டேன்.