செத்தவர் எழுந்து சிரிக்க வேண்டும்

பழுக்கக் காய்ந்த இரும்பைத் தண்ணீரில் முக்கும்போது ஒரு வாசனை எழும். கொஞ்சம் ரத்தம், கொஞ்சம் மழை, கொஞ்சம் தீய்ந்த எண்ணெய். போன வாரம் எங்கள் தெருமுனையில் கேட் அடிக்கும் பட்டறையைக் கடக்கும்போது அது மூக்கில் ஏறியது. நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. தெருவை இரண்டு முறை அளந்தேன். மூன்றாம் முறை திரும்பியபோது பட்டறைக்காரர் கேட்டார்: “இன்னா சார், சாவி கீவி உட்டுட்டீங்களா?”

கும்மிடிப்பூண்டிக்கு அப்படித்தான் திரும்பிப் போனேன், வீட்டுக்குப் பால் வாங்கப் போன வழியில்.

இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு வருஷம். சிப்காட் தொழிற்பேட்டைக்குள் மூடிக் கிடந்த ஒரு கம்பி ஆலையில் எங்கள் படத்தின் மூன்றாம் பாகத்தை எடுத்துக்கொண்டிருந்தோம். நான் வசனகர்த்தா. கடம்பத்தூரில் ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி, கும்மிடிப்பூண்டியில் இறங்குவேன். செவ்வாப்பேட்டை வருவதற்குள் ஒரு வசனம் எழுதி, ஆவடியில் அடித்து, பொன்னேரி வயல்கள் தெரியும்போது அடித்ததையே திரும்ப எழுதுவேன். உட்கார இடம் கிடைத்தாலும் கதவருகில்தான் நிற்பேன். காகிதம் காற்றில் படபடக்காமல் எனக்கு எழுத்து வராது.

முதல் இரண்டு பாகங்களும் தமிழ்நாடு முழுக்க ஓடியவை. கம்பி ஆலைத் தொழிலாளி ஒருவன் ரவுடிகளையும் முதலாளிகளையும் அடித்து நொறுக்கும் கதை. நான் எழுதிய வரிகள் ஆட்டோக்களின் முதுகில் ஊர்வலம் போயின. அந்தத் தொழிலாளி யார் என்பது எங்கள் சிலருக்குத்தான் தெரியும். இயக்குநரின் அண்ணன். பழவேற்காட்டில் ஏரியில் வலை போடும் குடும்பம். மீன் குறைந்தபோது மூத்தவன் கும்மிடிப்பூண்டிக்குக் கம்பி ஆலை வேலைக்கு வந்தான். ஒரு மதியம் உருளையிலிருந்து சிவந்த கம்பி ஒன்று பாம்பு போலத் துள்ளி வெளியே வந்தது. அவன் குனியவில்லை. இருபத்தாறு வயது.

முதல் பாகத்தில் இயக்குநர் அதே கம்பியைத் துள்ள வைத்தான். நாயகன் குனிந்து தப்பித்தான். தியேட்டர் அலறியது. இரண்டாம் பாகத்தில் தயாரிப்பாளர் கேட்டுக்கொண்டபடி நாயகன் அந்தக் கம்பியைக் கையாலேயே பிடித்தான். அலறல் இரட்டிப்பானது. இயக்குநரின் அம்மா மட்டும் இரண்டையும் பார்க்க மறுத்துவிட்டார். முதல் பாகத்தின் கதையைக் கேட்டதுமே மகனிடம் சொன்னாராம்: “அவன் குனியல. நீ ஏன்டா குனிய வெக்கிற?”

அந்தக் கேள்வியோடுதான் அவன் மூன்றாம் பாகத்துக்கு வந்தான். “இதுல குனிய மாட்டான்மா. வந்து பாரு” என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். ஒரு சாவு எடுக்க வேண்டும், அதை அம்மா பார்க்க வேண்டும். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான். மற்ற எங்களுக்கெல்லாம் நான்காம் பாகம் வேண்டும்.

அந்தச் சாவைப் பற்றிய சண்டை ஆலைக்குள், துருப்பிடித்த உருளைகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு நடந்தது. தகரக் கூரையின் ஓட்டைகள் வழியே வெயில் காசு காசாக விழுந்துகொண்டிருந்தது. தயாரிப்பாளர் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“தம்பி, ஹீரோவ வில்லன் கொல்லலாம். விதி கொல்லலாம். கம்பி எப்பிடிப்பா கொல்லும்? போன பார்ட்டுல கையால புட்சான்ல?”

“அது நீங்க புடிக்கச் சொன்னீங்க சார். அப்ப அது ரப்பர் கம்பி. இது நெஜக் கம்பி” என்றான் இயக்குநர்.

நாயகன் சிரித்தார். பிறகு என் காகிதத்தைப் படித்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். “யோவ் ரைட்டரு, சாவும்போது நான் இன்னா சொல்றேன்? ‘மணி இன்னா?’ன்னு கேக்கறேன். இதான் பஞ்ச் டயலாக்கா?”

“ஷிப்ட்டு எப்ப முடியும்னு கேக்கறான் சார்.”

“எனக்குப் புரியுது. பின்னால பெஞ்சுக்குப் புரியணுமே. ஸ்கிரீனைக் கிழிச்சி லுங்கி தைச்சிக்குவானுங்க.”

நான்கு நாள் இழுத்தது. தயாரிப்பாளர் ஊருக்குப் போவார், திரும்ப வருவார். நாயகன் கேரவனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். நான் அவர்களுக்கும் இயக்குநருக்கும் நடுவில் வெயிலில் நடந்துகொண்டிருப்பேன். அவர்கள் சொன்னதை இவனிடம் கொஞ்சம் தணித்தும், இவன் சொன்னதை அவர்களிடம் கொஞ்சம் கூட்டியும் சொல்வேன். ஐந்தாம் நாள் இயக்குநரே கேரவனுக்குள் போனான். உள்ளே என்ன பேசினானோ, வெளியே வந்த நாயகனின் கண் சிவந்திருந்தது. “எடுங்கப்பா” என்றார். “ஆனா ஒரே டேக்கு.”

ஒரே டேக்தான். கம்பி துள்ளியது, அவர் குனியவில்லை, விழுந்தார். மணி கேட்டார். கண் நிலைத்தது. கூரை ஓட்டையிலிருந்து வந்த வெயில் வட்டம் ஒன்று அவர் கன்னத்தில் உட்கார்ந்திருந்தது. லைட்மேன் ஒருவர் விம்முவது கேட்டது.

எங்கள் சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாகப் படுத்த நடிகர், ஷாட் முடிந்ததும் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். கேமரா ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சிரிப்பும் பிலிமில் பதிய வேண்டும். பதியாவிட்டால் நடித்தது பலித்துவிடும் என்று பயம். பகுத்தறிவு பேசுகிறவர்களும் இதில் மட்டும் சிரித்துவிட்டுத்தான் நகர்வார்கள்.

இயக்குநர், “கட் பண்ணு” என்றான்.

கேமராமேன் நிறுத்தவில்லை. என்னைப் பார்த்தார். தரையில் கிடந்தபடியே நாயகன் உதடு அசைக்காமல் சொன்னார்: “டேய், சிரிக்கணும்டா. மூணு பொண்ணு பெத்து வெச்சிக்கீறேன்.”

“வோணாம். கட்” என்றான் இவன்.

நான்தான் அவன் தோளைப் பிடித்தேன். “நாலு செகண்டுப்பா. உட்டுரு. அவரு ஊட்டுல கேப்பாங்க.”

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நாயகன் கண்ணைத் திறந்தார். ரத்தப் பூச்சு வழியும் கன்னத்தோடு எழுந்து, லென்ஸை நேராகப் பார்த்து, செத்துப் பிழைத்த நிம்மதியில் முழு வாயையும் திறந்து சிரித்தார். அவ்வளவு நல்ல சிரிப்பை அவர் எந்தப் படத்திலும் நடித்ததில்லை. யூனிட்டே கை தட்டியது.

“எங்கண்ணன யாரும் சிரிக்கச் சொல்லலடா” என்றான், எனக்கு மட்டும் கேட்கும்படி.

அதற்குப் பிறகு நடந்தது என் பங்கு. இயக்குநர் பின்னணி இசைக்காக ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்த ஒரு வாரத்தில் தயாரிப்பாளர் என்னை எடிட்டிங் அறைக்குக் கூப்பிட்டார். சாவு ஓடியது. கண் நிலைத்தது. படம் கறுத்தது. கறுப்புக்குப் பின் அந்த நான்கு விநாடி ஒட்டப்பட்டிருந்தது. நாயகன் கண் திறந்து சிரித்தார்.

“வழக்கத்துக்கு எடுத்ததுதான். ஆனா எப்பிடிக் கீது பாரு! புல்லரிக்குதில்ல? சிரிச்சிக்கினே ஒரு வரி சொன்னா பார்ட் ஃபோருக்குக் கதவு தொறந்துடும். நீ ஒரு வரி குடுத்துடு, டப்பிங்ல வெச்சிடலாம்.”

“டைரக்டருக்குத் தெரியுமா சார்?”

“தெரிஞ்சா ஒத்துக்குவானா?”

மறுத்திருக்கலாம். எழுந்து வெளியே போனேன். படியில் இறங்கினேன், ஏறினேன். டீ சொன்னேன், குடிக்கவில்லை. எப்படியும் அவன் பார்த்ததும் வெட்டிவிடுவான், நான் எழுதினால் என்ன, எழுதாவிட்டால் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். உண்மை வேறு. அந்தச் சிரிப்பைப் பார்த்த கணத்திலேயே வரி வந்துவிட்டது. வந்த வரியைக் கொடுக்காமல் திரும்பிப் போக எனக்குத் தெரியாது. டீக்கடைச் சிட்டையின் பின்பக்கம் எழுதினேன்: “ஷிப்ட் இன்னும் முடியல.”

முடிந்த படத்தைப் போட்டுப் பார்த்தபோதுதான் அவன் அதைக் கேட்டான். வெளியீட்டுக்கு இரண்டு நாள் இருந்தது. விளக்கு எரிந்தது. தயாரிப்பாளரை அவன் பார்க்கவே இல்லை.

“வசனம் நல்லா கீது” என்றான் என்னிடம். “ஓடற வண்டியில எழுதுனியா?”

“இல்ல” என்றேன்.

வெட்டச் சொல்லி அவன் கேட்டுப் பார்த்தான். பிரதிகள் ஊர் ஊராகப் போய்விட்டன என்றார்கள். அம்மாவிடம் படம் நன்றாக வரவில்லை, பார்க்க வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தான். அவர் புதுப்புடவை எடுத்து வைத்துவிட்டிருந்தார்.

பொன்னேரியில் மதியக் காட்சி. பால்கனியில் அம்மா நடுவில், நாங்கள் இரு பக்கமும். படம் முழுக்க நான் கால் மாற்றி மாற்றி உட்கார்ந்தேன். கம்பி துள்ளியபோது அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். அவன் குனியவில்லை. விழுந்தான். மணி கேட்டான். “ஐயோ நைனா” என்று அம்மாவிடமிருந்து ஒரு சத்தம், அவ்வளவுதான். இயக்குநர் இருட்டில் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது தெரிந்தது. படம் இங்கே நிற்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். கரண்ட் போகக் கூடாதா, ஆபரேட்டர் தூங்கிவிடக் கூடாதா.

கறுத்தது. கண் திறந்தது. சிரிப்பு. என் வரி. கீழே விசிலும் காகிதமும் பறந்தன.

அம்மா எழுந்து நின்றுவிட்டார். கன்னமெல்லாம் ஈரம். கீழே குதிக்கிற பையன்களைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், பிறகு சிரித்தார். வெளியே வெயிலில் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உளுந்துட்டு எந்திரிச்சான் பாத்தியா நைனா! நல்லா எழுதிக்கீற. அடுத்த பார்ட்டுல ஒரு கண்ணாலம் பண்ணி வெச்சிடுங்க. அதுதான் அவனுக்கு நடக்கல.”

இயக்குநர் ஆட்டோ பேசப் போவதுபோல விலகி நடந்தான். நான் அவன் முகத்தைப் பார்க்காமலிருக்க அம்மாவின் முகத்தையே பார்த்தேன்.

அம்மாவை ஆட்டோவில் உட்கார வைத்துவிட்டு ஸ்டேஷன் வரை என்னோடு வந்தான். பிளாட்பாரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தோம். நான் நடந்ததால் அவனும் நடந்தான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

“நான் அந்த வரி...”

“பார்ட் ஃபோர் உன்னியே டைரக்ட் பண்ணச் சொன்னாராமே புரொடியூசரு?”

“ஒத்துக்கல. நீ வராம எப்பிடி?”

வண்டி வந்துகொண்டிருந்தது. அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வண்டியையே பார்த்தபடி சொன்னான்.

“ஒத்துக்க. அம்மா கேட்டுதே, அந்தக் கண்ணாலத்த நல்லா எடு. எம் பேர மட்டும் போடாத.”