தெருவைப் பார்த்த ஜன்னல்

நேற்று சாயங்காலம் அம்மா பாயை உதறி விரித்த சத்தத்தில் எனக்கு வயது மறுபடி ஒன்பதாகிவிட்டது.

ஆம்பூரில் எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபம் தெருவைப் பார்த்த ஜன்னலுக்கு அடியில்தான் நடக்கும். தோல் பதனிடும் ஷாப்புகளின் நெடி அதன் வழியேதான் உள்ளே வரும். அம்மா முழங்காலில் நின்று, எங்கள் குறைகளை ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி உரக்க மன்றாடுவாள்.

"ஆண்டவரே, சாமுவேலு இன்னும் பாய்ல மூத்திரம் போறான். கண்ணோக்கிப் பாரும்."

நான் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவேன்.

"தொறடா. ஆண்டவர்கிட்ட சொல்றதுக்கு இன்னாடா ஒளிவு மறைவு?"

மறுநாள் பக்கத்து வீட்டு கதீஜாம்மா, "இன்னாடா, ராத்திரி பாய் நனையலியே?" என்று பரிவோடு விசாரிப்பார். அந்தப் பரிவில்தான் எனக்கு உயிர் போகும்.

அப்பாவின் கடைசி நோயையும், அக்காவின் கல்யாணம் தட்டிப்போனதையும் அம்மா அதே குரலில் தெருவறியச் சொன்னாள். தன்னுடைய இந்த எண்பத்தெட்டு வயதுவரை எதற்காகவும் அவள் அந்த ஜன்னலைச் சாத்தியதில்லை.

குடியால் வேலை போய், மனைவியும் வெளியே போகச் சொன்னபிறகு, போன வாரம்தான் பெட்டியோடு அம்மாவிடம் வந்து சேர்ந்தேன். நேற்று அக்காவுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் உரக்க ஜெபித்தவள், என் முறை வந்ததும் நிறுத்தினாள். பாயில் கையூன்றி மெல்ல எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். கொக்கியையும் மாட்டினாள். பிறகு மறுபடி முழங்காலிட்டு, எனக்கே கேட்காத குரலில் ஜெபிக்கத் தொடங்கினாள்.