கிளட்ச் அக்காவின் ஊசி வைத்தியம்

டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அவளுக்கு எல்லோரும் வைத்த பெயர் கிளட்ச் அக்கா. "கிளட்ச்! கிளட்ச்!" என்று அவள் போடும் சத்தம் கண்ணாடியை ஏற்றிவிட்டாலும் அடுத்த தெரு வரை கேட்கும். கல்யாணமாகி ஏழு வருஷம், குழந்தை இல்லை. ஆஸ்பத்திரியில் இருவரையும் பரிசோதித்து, "குறை ஒன்றும் இல்லை" என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். குறையே இல்லையென்றால் எதைச் சரிசெய்வது என்று அவளுக்குப் புரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மாமியார் எங்கேயோ ஓர் அக்குபங்சர் டாக்டரைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தாள்.

"போய்த்தான் பாரேம்மா. போனா என்ன குறைஞ்சா போயிடுவே?"

"மருந்தே இல்லாத ஊசியாம் அத்தை. அதை எதுக்குக் குத்திக்கணும்?" என்று முனகினாலும் போனாள். துணைக்குக் கணவனையும் இழுத்துக்கொண்டாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன் அவன். அதிர்ந்து பேசத் தெரியாதவன்.

டாக்டர் முடி போன்ற ஊசிகளை அவள் கணுக்காலுக்கு மேலே, வயிற்றில், உச்சந்தலையில் என்று நிறுத்தினார். எறும்பு கடித்த அளவுகூட வலி இல்லை.

"இதால கண்டிப்பா குழந்தை பிறக்குமா டாக்டர்?"

"அப்படி வாக்கு கொடுக்கிறவங்ககிட்ட போகாதீங்க. தூக்கம் வரலாம், மனசு லேசாகலாம். அதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரி மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க."

அந்த நேர்மை அவளுக்குப் பிடித்துப்போனது. டாக்டர் கணவன் பக்கம் திரும்பினார். "அடுத்த கட்டில்ல நீங்க படுங்க."

"நான் சும்மா கூட வந்தேன் சார்."

"குழந்தை அவங்களுக்கு மட்டுமா?"

டாக்டர் கையில் ஊசியைப் பார்த்ததும் அவனுக்குக் கண் செருகியது. பிடிப்புக்கு, இரண்டு கட்டிலுக்கும் நடுவே தொங்கிய திரையைப் பற்றினான். திரையும் கம்பியுமாக அவன் தரையில் சரிந்தான். அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது.

"சிரிக்காதீங்கம்மா, வயித்துல ஊசி ஆடுது!" என்று டாக்டர் பதறினார். அது அவளை இன்னும் சிரிக்க வைத்தது.

அதன்பின் அவனுக்கு ஊசி இல்லை, அக்குபிரஷர் வேலைதான். தினமும் சாயங்காலம் மனைவியின் காலைப் பிடித்துக் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்த வேண்டும். "என்னடா தடவிக்கொடுக்கிறே? அழுத்துடா!" என்று அடுப்படியிலிருந்து மாமியார் மேற்பார்வை பார்த்தாள். வீட்டில் அவன் தாயிடமும் மனைவியிடமும் ஒரே நேரத்தில் திட்டு வாங்கினான்.

மாமியாரின் தங்கை ஒருநாள் வந்தாள். எல்லோரும் கூடியிருந்த கூடத்தில், செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்தாள். "ஏண்டி, இன்னும் ஒண்ணும் இல்லையா?"

கிளட்ச் அக்கா பாசமாக அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். "வாங்க சித்தி. டாக்டர் எனக்கு ஒரு புள்ளி காட்டியிருக்கார்." கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரே அழுத்து. வருஷக்கணக்காகக் கியர் போட்ட கை அது.

"அய்யய்யோ! இது எதுக்குடி?"

"தலைவலிக்கு சித்தி. உங்களுக்கு இல்ல, எனக்கு. நீங்க கேள்வி கேட்டா எனக்குத்தான் தலை வலிக்குது."

கூடத்தில் இருந்தவர்கள் கைகளை மெல்ல மறைத்துக்கொண்டார்கள். மாமியார் கோபித்துக்கொள்வாளோ என்று அவளுக்கு உள்ளூர உதறல். தண்ணீர் எடுக்கும் சாக்கில் அடுப்படிக்குப் போனால், அங்கே மாமியார் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள்.

"அந்த எடத்தை எனக்கும் காட்டு. இவளை அம்பது வருஷமா நான் தாங்கிக்கிட்டிருக்கேன்."

அன்றிலிருந்து விசாரிப்புகள் நின்றன. அவள் நிம்மதியாகத் தூங்கினாள். ஊசிக்குப் போன நாட்களில் கணவனும் அவளும் நடந்தே வீடு திரும்பினார்கள், வழியெல்லாம் பேச்சு.

மறு வருஷம் ஒரு மாணவர் காரை ரிவர்ஸ் எடுக்கும்போது அவளுக்குக் குமட்டியது. "உங்க கிளட்ச்தான் சார் காரணம்" என்று அவரைத் திட்டித் தீர்த்தாள். சாயங்காலம் ஆஸ்பத்திரியில் வேறு காரணம் சொன்னார்கள். விஷயம் தெரிந்ததும் ஊசி டாக்டர், "இனிமே அந்த இடங்களை அழுத்தவே கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

வீட்டில் வழக்கு ஆரம்பித்தது. ஊசிதான் என்றாள் மாமியார். மாத்திரைதான் என்றாள் கிளட்ச் அக்கா. தான் விடாமல் கேட்டதுதான் என்றாள் சித்தி, கைகளை மடித்து வைத்துக்கொண்டு.

மூலையிலிருந்து கணவன் தொண்டையைச் செருமினான். "நானும் இதுல கொஞ்சம்..."

"நீ சும்மா இருடா," என்றாள் அம்மா. "பெரியவங்க பேசிக்கிட்டிருக்கோம்."