பின் மூலையைப் பார்த்தவர்

போன வாரத்துக்கு முந்தின புதன்கிழமை காலை, தாம்பரத்தில் எங்கள் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரில், ஒரு கல்லூரி மாணவியின் முழங்காலுக்குள் கேமராவைச் செலுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிஸ்டர் ஸ்டெல்லா கதவைப் பாதி திறந்தபடி நின்றார். எதுவானாலும் உள்ளே வந்துதான் சொல்வார், அன்று வரவில்லை.

"சார், ஸ்கேன் சென்டர்லேர்ந்து போன். ஹெலன் மேடம் போயிட்டாங்களாம்."

"எங்க போயிட்டாங்க?" என்று கேட்டேன்.

அவர் கதவைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டார். அதன் பிறகுதான் எனக்குப் புரிந்தது. முட்டிக்குள் பாயும் உப்பு நீரின் பாட்டிலைக் கொஞ்சம் உயர்த்தச் சொன்னேன். மிச்ச வேலையை முடித்தேன். இரண்டு தையல் போட்டு, கட்டுக் கட்டி, வெளியே வந்து அந்தப் பெண்ணின் அப்பாவிடம் பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னேன். கை கழுவினேன். கழுவிய கையை மறுபடியும் கழுவினேன். முதுகில் மரப்பு ஊசி போட்டுக்கொண்ட நோயாளிகள், நாங்கள் தூக்கிப் பிடிக்கும் தங்கள் காலையே பார்த்து "இது யார் கால்?" என்று கேட்பார்கள். எனக்கு அப்படித்தான் இருந்தது. இதை எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது.

டாக்டர் ஹெலனை இந்த வட்டாரத்தில் உங்களில் பலருக்குத் தெரியும். குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. சாலை மேல் இருக்கும் ஸ்கேன் சென்டரில் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதியவர். அதற்கு முன்னால் எங்கள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே டாக்டர். ஐம்பத்து மூன்று வயது. அஸ்தினாபுரத்தில் வீடு. அன்று காலை வேலைக்குக் கிளம்பி, செருப்பு மாட்ட நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். எழுந்திருக்கவில்லை. வார் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து, நேரமாகிறது என்று இரண்டு முறை நினைவுபடுத்தியதாக அவருடைய கணவர் டேனியல் என்னிடம் சொன்னார்.

நாங்கள் சேர்ந்து வேலை பார்க்கத் தொடங்கியது எண்பதுகளின் நடுவில். அப்போதெல்லாம் முழங்கால் வலி என்று யார் வந்தாலும் எக்ஸ்ரே எடுப்போம். அதில் எலும்புதான் தெரியும். இரண்டு எலும்புகளுக்கும் நடுவே திண்டு போல உட்கார்ந்திருக்கும் ஜவ்வு கிழிந்திருக்கிறதா என்று தெரியாது. காலை மடக்கி, திருகி, நோயாளியின் முகம் சுருங்குவதை வைத்து ஊகிப்போம். அந்தச் சமயத்தில்தான் நான் சிறுதுளை ஆபரேஷனைக் கற்றுக்கொண்டு வந்திருந்தேன். பென்சில் பருமனில் ஒரு குழாய், முட்டியில் ஒரு சின்னத் துளை, உள்ளே இருப்பதை நேராகவே பார்த்துவிடலாம். எனக்கு வயது முப்பத்தைந்து. தாம்பரத்தில் என்னைத் தவிர யாரும் அதைச் செய்யவில்லை என்ற நினைப்பு தலைக்கு ஏறியிருந்தது.

ஒருநாள் ஹெலன் மேடத்தைத் தியேட்டருக்குள் அழைத்து, குழாயில் கண்ணை வைத்துப் பார்க்கச் சொன்னேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதுக்குப் பின்னாடி என்ன இருக்கு சார்?"

"பின்னாடியெல்லாம் சுலபமா போக முடியாது மேடம். முன்னாடி பாத்தாலே போதும், தெரிஞ்சுடும்."

"அப்ப வாசல்ல நின்னுக்கிட்டே ரூம் காலின்னு சொல்றீங்க," என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு எக்ஸ்ரே அறைக்குத் திரும்பிப் போனார்.

தொண்ணூறுகளின் நடுவில் குரோம்பேட்டை சென்டருக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வந்தது. ஹெலன் மேடம் அங்கே போய்ச் சேர்ந்தார். கத்தி படாமல், துளை போடாமல், ஜவ்வைப் படம் எடுத்துவிடலாம் என்றார்கள். என்னைப் போன்ற ஆபரேஷன் டாக்டர்கள் அதைக் கேலி செய்தோம். "நிழலைப் பாத்து யாராவது காலை அறுப்பாங்களா?" என்று ஒரு கூட்டத்தில் நானே பேசினேன். அவர் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் போன் செய்தார்.

"நீங்க ஆபரேஷன்னு முடிவு பண்ணின முட்டியை மட்டும், அவங்க சம்மதிச்சா, முன்கூட்டி எங்கிட்ட அனுப்புங்க. நான் பாத்ததை எழுதி உறையில போட்டு ஒட்டிடறேன். நீங்க பிரிக்காம ஆபரேஷன் பண்ணுங்க. நீங்க பாத்ததை எழுதுங்க. சனிக்கிழமை ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாப்போம்."

"நீங்க தோத்துப் போவீங்க மேடம்."

"தோத்தா எங்க தோத்தேன்னு தெரியுமில்ல," என்றார்.

அப்படித்தான் எங்கள் சனிக்கிழமைகள் தொடங்கின. சென்டரில் ஆள் குறைந்த மதிய நேரத்தில், படங்களை விளக்குப் பெட்டியில் மாட்டிவிட்டு எதிரெதிரே உட்காருவோம். அவர் ஒரு நோட்டு வைத்திருந்தார். இடது பக்கம் ஸ்கேன் சொன்னது, வலது பக்கம் நான் உள்ளே பார்த்தது. பெரும்பாலும் இரண்டும் ஒத்துப்போயின. ஒத்துப்போகாத இடங்களில் ஆரம்பத்தில் அவர்தான் தவறியிருந்தார். ஒரு தடவை, ஜவ்வோடு ஒரு தசைநார் வந்து ஒட்டும் இடத்தைக் கிழிசல் என்று எழுதிவிட்டார். நான் ஆபரேஷன் வீடியோவைப் போட்டுக் காட்டினேன். முழுதாகப் பார்த்தார். "என் தப்பு" என்று சொல்லிவிட்டுச் சிவப்பு மையில் எழுதினார். கையெழுத்தும் போட்டார். ஒரு விளக்கமும் சொல்லவில்லை. வெற்றி பெற்ற எனக்குத்தான் அன்றைக்கு ஏனோ சப்பென்று இருந்தது.

ஏழுமலை வந்தது அதற்கு அடுத்த வருடம். முடிச்சூரில் குடியிருந்தார், மொசைக் தரை போடும் வேலை. புறநகரில் காலனி காலனியாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம்; நாளெல்லாம் குந்தி உட்கார்ந்தே வேலை. ஒருநாள் மாடிக்குக் கல்தூள் மூட்டை தூக்கியபோது வலது முட்டி திருகிக்கொண்டது. அதற்குப் பிறகு திடீர் திடீரென்று கால் பூட்டிக்கொள்ளும். நீட்டவும் முடியாது, மடக்கவும் முடியாது. ஸ்கேன் எடுத்தோம். உறை வந்தது. நான் பிரிக்காமல் ஆபரேஷன் செய்தேன். உள்ளே கிழிசல் எதுவும் தெரியவில்லை. அப்படியே எழுதினேன். ஏழுமலையிடமும் அவர் மனைவி செல்வியிடமும், "உள்ள ஒண்ணும் இல்ல, போகப் போகச் சரியாயிடும்" என்றேன்.

சனிக்கிழமை உறையைப் பிரித்தோம். "உள்பக்க ஜவ்வின் பின் மூலையில் கிழிசல்" என்று எழுதியிருந்தார்.

"நிழல் மேடம். நான் கண்ணால பாத்தேன்," என்றேன்.

அவர் படத்தை மறுபடி விளக்கில் வைத்துப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு சிவப்பு பேனாவை எடுத்து, தான் எழுதியதை அடித்துவிட்டு, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு மாதம் கழித்து, ஹெலன் மேடத்தின் வீட்டுத் தெருவிலேயே ஒரு புது வீட்டுக்குத் தரை போடும் வேலை நடந்தது. காலையில் அந்த வழியாக நடந்த ஹெலன் மேடம், மணல் குவியல் மேல் ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஏழுமலையை அடையாளம் கண்டிருக்கிறார். கால் பூட்டிக்கொண்டிருந்தது. கூட வேலை பார்த்த மச்சான் உள்ளேயிருந்து கத்திக்கொண்டிருந்தார். டாக்டரே ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகும் நடிக்கிறான் என்பது மச்சானின் கட்சி. மேஸ்திரியும் அதையேதான் நம்பினார். செல்வி நம்பினாரா இல்லையா என்று ஏழுமலைக்கே தெரியவில்லை.

அன்று மதியம் மேடம் எனக்குப் போன் செய்தார்.

"ஏழுமலைக்கு அந்தப் பின் மூலையைப் பாத்தீங்களா சார்?"

"பாத்தேன்."

"பாத்தீங்களா, பாத்த மாதிரி இருந்ததா?"

நான் போனை வைத்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை போகவில்லை. அதற்கடுத்ததும் போகவில்லை. அவர் திரும்ப அழைக்கவுமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆஸ்பத்திரியில் யாரும் இல்லாத நேரத்தில், ஏழுமலையின் ஆபரேஷன் கேசட்டைத் தேடி எடுத்துப் போட்டேன். என் கை ஓட்டும் கேமரா முட்டியின் முன்பக்கத்தை நிதானமாகக் காட்டியது. பின் மூலைப் பக்கம் திரும்பியது. எலும்பு மறைத்தது. ஒரு கணம் தயங்கியது. பிறகு வேறு பக்கம் போய்விட்டது. கொக்கியால் தொட்டுப் பார்க்கக்கூட இல்லை. நான்கு முறை போட்டுப் பார்த்தேன். அந்தத் தயக்கம் ஒவ்வொரு முறையும் அங்கேயே இருந்தது. அன்றைக்கு அடுத்த கேஸ் காத்திருந்தது என்பது நினைவுக்கு வந்தது.

உடனே போன் செய்தேன் என்று எழுத ஆசைதான். எட்டு நாள் ஆயிற்று. கடைசியில் நேராகச் சென்டருக்கே போய், "நான் பாக்கல மேடம்" என்றேன். அவர் கோபப்படவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை.

"நான் எழுதினதை நானே அடிச்சேன் சார். கிழிசல் இருக்குன்னு அப்பவும் எனக்குத் தோணுச்சு. நீங்க சொன்னீங்கன்னு அடிச்சேன். உங்க தப்பைவிட இது பெரிய தப்பு. வாங்க, முதல்ல அவரைப் போய்ப் பாப்போம்."

இரண்டாவது ஆபரேஷனுக்கு அவரே தியேட்டருக்கு வந்து, பச்சை அங்கி போட்டுக்கொண்டு, படத்தைக் கையில் பிடித்தபடி ஓரமாக நின்றார். இந்த முறை முட்டியின் பின்பக்கமாகவும் ஒரு துளை போட்டேன். "இன்னும் கொஞ்சம் உள்ள சார். இன்னும் கொஞ்சம்," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கிழிந்த துண்டு மடங்கிக் கிடந்தது. ஏழுமலைக்கு இடுப்புக்குக் கீழேதான் மரப்பு. முழு விழிப்பில், கேமரா காட்டுவதை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார் இது, கிழிஞ்ச பனியன் மாரி கீது?"

"இதான் ஏழுமலை உங்க வலி. போன தடவ நான் சரியாப் பாக்கல. என் தப்பு."

"அப்ப நான் நடிக்கல," என்றார். பிறகு, "இத்த என் மச்சான்கிட்ட வந்து சொல்லுவியா சார்? ஊரெல்லாம் என்னைச் சோம்பேறின்னு சொல்லிக்கினு கீறான்."

நான் கிழிசலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். "வரோம்," என்றார் ஹெலன் மேடம்.

அடுத்த வாரம் இரண்டு பேரும் முடிச்சூருக்குப் போனோம். செல்வி இரண்டு நாற்காலி கொண்டுவந்து போட்டார். மச்சான் கைகட்டி நின்றார். 'நான் சரியாகப் பார்க்கவில்லை' என்ற அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல என் படிப்பு, அனுபவம் எதுவும் உதவவில்லை. தடுமாறித்தான் சொன்னேன். எனக்குப் பிறகு மேடம் மச்சானைப் பார்த்துச் சொன்னார்.

"நாங்க ரெண்டு பேரும் டாக்டருங்க. சார் கண்ணால பாத்தார், நான் மிஷின்ல பாத்தேன். ரெண்டு பேரும் சேந்து உங்க மச்சானுக்கு ஒண்ணும் இல்லைன்னுட்டோம். அது தப்பு. அவர் சொன்னதுதான் நெசம்."

மச்சான் தரையைப் பார்த்தார். "எங்களுக்கு இன்னாம்மா தெரியும், நீங்க சொன்னதத்தான நம்புனோம்," என்றார். செல்வி உள்ளே போய்விட்டார். அவர் அழும் சத்தம் வெளியே கேட்டது. ஏழுமலை மட்டும் நேராக உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு உறைகள் இல்லை. ஆபரேஷனுக்கு முன்பே சேர்ந்து உட்கார்ந்து படத்தைப் பார்த்தோம். நான் கத்தி வைத்திருக்கக்கூடிய எத்தனையோ முட்டிகள் வெறும் உடற்பயிற்சியோடு வீட்டுக்குப் போயின. அவர் ரிப்போர்ட்டுகளில் "இந்த இடம் எனக்குத் தெளிவில்லை" என்ற வரி அடிக்கடி வந்தது. தெளிவில்லை என்று எழுத எதற்கு ஒரு டாக்டர் என்று சிலர் பேசினார்கள். அவர் காதுக்கும் போயிருக்கிறது. "தெளிவில்லாததைத் தெளிவுன்னு எழுதினா கத்தி அங்க போகும் சார்," என்றார் என்னிடம்.

கடைசியாக நாங்கள் பேசியது அவர் இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, திங்கட்கிழமை. ஒரு படத்தைப் பற்றிக் கேட்டார். நான் சொன்னேன். "சரி சார், அப்புறம் பேசறேன்," என்று வைத்தார். நினைவில் வைத்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. திரும்பத் திரும்பத் தேடிப் பார்த்துவிட்டேன்.

கல்லறைத் தோட்டத்தில் நிறைய பேர் இருந்தார்கள். ஏழுமலையும் செல்வியும் மச்சானோடு வந்திருந்தார்கள். ஏழுமலை என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க வூட்டுக்கே வந்தாங்களே சார்," என்றார். போன வெள்ளிக்கிழமை இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேச அழைத்தார்கள். எழுந்து நின்றேன். ஒன்றும் வரவில்லை, உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குப் பேசாததற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நேற்று பெருங்களத்தூரிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். படியில் வழுக்கி முட்டி வீங்கியிருந்தது. காலை மடக்கி, நீட்டிப் பார்த்தேன். "உள்ள என்ன சார் ஆயிருக்கு?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்வதுதான் டாக்டருக்கு அழகு என்று பல வருடங்கள் நினைத்திருந்தவன் நான்.

"இன்னும் தெரியலம்மா," என்றேன். "தெரிஞ்சுக்கிட்டுச் சொல்றேன்."

அவர் தலையசைத்தார். ஏமாந்தது போல இல்லை. தெரியவில்லை என்பதை ஒரு நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு இப்போது வருகிறது. ஹெலன் மேடம் எனக்கு விட்டுப்போனது அது. அதை வைத்துக்கொள்கிறேன்.