கல்லங்குறிச்சியில் எடுத்த இரண்டாவது மொட்டை

ரங்கூனில் குண்டு விழுந்து, நாங்கள் நடந்தே இந்தியாவுக்கு வந்து சேர்ந்த வருடம் அது. உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில் இருந்த பெரியப்பா வீட்டை விட்டு நானும் அவனும் அரியலூர் ரயிலடியை நோக்கி நடந்துகொண்டிருந்தோம். என் தலை மொட்டை. அவன் தலையில் முடி அப்படியே இருந்தது. வழியெல்லாம் அவன் பேசவில்லை. காரணம் அந்த முடிதான்.

அவன் பர்மாக்காரன். ரங்கூன் அரிசி மில் கூலிகளின் லயத்தில் எங்களுக்கு அடுத்த அறை. அவனைப் பெற்றவள் பிரசவத்திலேயே இறந்துவிட, என் அம்மா எனக்குக் கொடுத்த பாலை அவனுக்கும் கொடுத்தாள். எங்கள் வீட்டுச் சோறு, எங்கள் வீட்டுத் தமிழ். நான் நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன், அவனும் விட்டான்.

இந்தியாவுக்கு நடந்து வந்த மலைப்பாதையில் அம்மாவுக்குப் பேதி கண்டது. எனக்குக் காய்ச்சல். அவன்தான் அம்மாவை முதுகில் சுமந்தான். ஒரு ஏற்றத்தில் திடீரென்று நின்றான். "கனம் மாறிப்போச்சு அண்ணே" என்றான். அம்மாவை அங்கேயே புதைத்துவிட்டு நடந்தோம்.

ஊருக்கு வந்ததும் பெரியப்பா அம்மாவுக்குக் காரியம் செய்ய ஏற்பாடு பண்ணினார். குளத்தங்கரையில் எனக்கு மொட்டை போட்டு முடித்ததும், அவன் தலையை நனைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"நீ எந்திரிப்பா. இது ரத்த சொந்தம் செய்யற காரியம்" என்றார் பெரியப்பா.

"அம்மாவ சொமந்தவன் அவந்தான் பெரியப்பா" என்றேன்.

"இல்லன்னு யாருடா சொன்னா? மூஞ்சியப் பாரு, சப்பான்காரனாட்டம் இருக்கு. ஊரு சிரிக்கும்."

அவர் கெட்டவர் இல்லை. அவனுக்குப் புது வேட்டி எடுத்துக் கொடுத்தார், முதல் பந்தியில் உட்கார வைத்தார். அவன் ஈரத் தலையோடு சாப்பிட்டான். மறுநாள் விடியும்போதே கிளம்பிவிட்டான். நானும் கூடவே கிளம்பினேன்.

கல்லங்குறிச்சி வந்தபோது வெயில் ஏறிவிட்டது. பெருமாள் கோயில் பக்கம் வேண்டுதல்காரர்களுக்கு மொட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் என்னிடம் எதுவும் சொல்லாமல் போய் ஒரு நாவிதர் முன்னால் உட்கார்ந்தான்.

"வேண்டுதலா தம்பி?"

"எங்கம்மா செத்துட்டாங்க."

அவர் கை நின்றது. "அதுக்குக் கொளத்தங்கரையிலல்ல எடுக்கணும்? இது சாமி எடம்."

"அங்க எடுக்க வுடலைங்க."

அவர் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு என் மொட்டையைப் பார்த்தார். "சரி, கெழக்க பாத்து குந்து" என்றார். பாதி மழித்ததும் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "முடியா இது? கம்பியாட்டம் இருக்கு. ஒங்கம்மாவுக்கும் இப்படித்தானா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. அவங்களுக்குச் சுருட்டை" என்றான் அவன்.

நான் சிரித்துவிட்டேன், அம்மா போன பிறகு முதல் முறையாக. அவனும் சிரித்தான். "தலைய ஆட்டாத, காது போயிரும்" என்றார் நாவிதர்.

ரயிலடியில் அவனிடம் கெஞ்சிப் பார்த்தேன். "இங்கயே இருடா. ஏதாவது வேலை பாத்துக்கலாம்."

"அம்மா இருந்த வரைக்கும் எங்க போனாலும் நம்ம வூடுதான் அண்ணே. இப்ப எங்க பர்மா பாஷையில யாராச்சும் என்னைத் திட்டுனாக்கூட தேவலாம்னு இருக்கு" என்றான். அஸ்ஸாம் பக்கம் ரோடு போட ஆள் எடுக்கிறார்களாம். அங்கிருந்தால், பர்மாவுக்கு வழி திறந்ததும் போய்விடலாம் என்பது அவன் கணக்கு. எனக்கு அந்த மலைகளை மறுபடி பார்க்கத் தெம்பில்லை. "போயிட்டு வரேன் அண்ணே" என்று அம்மா சொல்லிக்கொடுத்தபடியே சொல்லிவிட்டு வண்டி ஏறினான்.

மறுநாள் காலை, பெரம்பலூர் மாட்டு வண்டிகளில் வரும் கடலை மூட்டைகளை இறக்கி ரயிலில் ஏற்றும் வேலைக்குச் சேர்ந்தேன். கூலி குறைவு, முதுகு போய்விடும் என்றார்கள். அங்கிருந்து பார்த்தால் வருகிற ரயிலெல்லாம் தெரியும் என்பதற்காகவே ஒப்புக்கொண்டேன். அவனுக்கு முடி எப்போதோ வளர்ந்திருக்கும் என்று தெரிந்தும், ரயில் நிற்கும் இடத்திலெல்லாம் என் கண் இன்றுவரை ஒரு மொட்டைத் தலையைத்தான் தேடுகிறது.