ஆரணி முந்தானையில எல் நினோ

2006 டிசம்பர், ரெண்டாவது சனிக்கிழமை ஆரணிக்குப் போனேன். மீன்வள ஆராய்ச்சியில இருந்த என் மனைவி, போன வருச ஆரம்பத்துல அங்க ஒரு பட்டுப்புடவைக்குச் சொல்லி வெச்சிருந்தா. அதே வருசம் காய்ச்சல்ல போய்ட்டா. நான் ஆர்டரை நிறுத்தல, விசாரிக்கவும் இல்ல. நெசவாளரே போன் பண்ணி, "முந்தானை ஆரம்பிச்சிட்டேன், வந்து பாருங்க"ன்னாரு.

கோயம்பேட்டுல காலை 5.40 பஸ், 140 கிலோமீட்டர், டிக்கெட் 48 ரூபா. வலது பக்கம் உக்காருங்க, வெயில் படாது. செய்யார்ல கம்பெனி பஸ்ஸுங்களால இருபது நிமிசம் போச்சு. 9.35க்கு ஆரணி. நெசவாளர் வீட்டுக்கு ஆட்டோ 20 ரூபா.

"கல்யாணப் புடவையா சார்?"

"இல்லப்பா."

"அப்போ ஜல்தியா முடிஞ்சிரும்"ன்னாரு டிரைவர்.

தறியில பாத்தா கோடு தப்பு. அவ கிராஃப் பேப்பர்ல வரைஞ்சு குடுத்தது எல் நினோ குறியீடு. பசிபிக் கடலோட மேல்தண்ணி வழக்கத்தை விட எவ்ளோ சூடுன்னு சொல்ற எண், 1996லேர்ந்து 2004 வரைக்கும். சூடு ஏறினா அடித்தண்ணியோட சத்து மேல வராது, அங்க மீனுக்குத் தீனி கொறையும். அதனால கோடு ஏறின எடத்துல ஒரு மீன், எறங்கின எடத்துல கூட்டமா வரைஞ்சிருந்தா. கடலே வருசா வருசம் சூடாவுது, இனிமே ஒவ்வொரு ஏத்தமும் மேலேர்ந்துதான் ஆரம்பிக்கும்னு சொல்லுவா.

நெசவாளர் எல்லா ஏத்தத்தையும் ஒரே உயரமாக்கி, தலைக்கு ஒரு மீன் போட்டிருந்தாரு.

"அண்ணே, அவ வரைஞ்சது இப்படி இல்லையே."

"கோணலா கெடந்துச்சு சார், நான்தான் சமமாக்கினேன். அப்படியே நெய்ஞ்சா, குடிச்சிட்டுத் தறியில ஒக்காந்தான்னு தெருவே பேசும்."

"குடிக்காமலே அப்படித்தான் பேசிகினு இருக்காங்க"ன்னாங்க அவர் சம்சாரம்.

அவ கையால வரைஞ்சதுல இது ஒண்ணுதான் புடவையாகப் போவுது. ஆனா சண்டை போடத் தோணல. பேப்பர்ல பெரிய ஏத்தத்து மேல வெரல வெச்சு, "இது தொண்ணூத்தேழு"ன்னேன்.

"ஐப்பசியில மழை கொட்டுச்சே, அந்த வருசமா?"

"ஆமா. அந்தக் கடல் சூடானா பெரும்பாலும் நமக்கு ஐப்பசி மழை ஜாஸ்தி."

"அந்த மழையிலதான் தெருவுல பாவு நூலை நீட்டி விரிக்க முடியல. கஞ்சி போட்ட நூலு காயவே இல்ல. தறி சும்மா கெடந்துச்சு." பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "அப்போ இது கோணல் இல்ல."

நெய்ஞ்சிருந்த ஒரு சாண் அளவையும் இழை இழையா பிரிச்சாரு. மதியம் ஒன்றரை ஆச்சு. அங்கயே சாப்டேன், ரசம் ரெண்டாவது வாட்டி கேட்டு வாங்கினேன்.

"பேப்பர் 2004ல முடியுது. இன்னும் நாலு வெரல் எடம் இருக்கு, என்ன போடட்டும்?"

அவளுக்கு எண்களைக் கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுத்தது நான்தான். அவ போன பிறகும் மாசா மாசம் பாத்துகினுதான் இருந்தேன். பென்சில் வாங்கி 2005ஐ எறக்கினேன், 2006ஐ ஏத்தினேன்.

"மீனு எத்தினி?"

"மீன் கணக்கு அவளுக்குத்தான் தெரியும். தண்ணி மட்டும் போடுங்கண்ணே."

போறவங்களுக்கு ரெண்டு விசயம். அமாவாசை அன்னிக்குப் போகாதீங்க, தறி ஓடாது. சொந்த டிசைன் குடுத்தா பேப்பரை மட்டும் குடுத்துட்டு வராதீங்க. அது என்னன்னு ஒக்காந்து சொல்லிட்டு வாங்க, அவங்களுக்கும் அதுல ஏதாவது தெரிஞ்சிருக்கும்.

திரும்ப 4.10 பஸ். காஞ்சிபுரம் வரைக்கும் நல்லாத் தூங்கினேன்.